செம்பு நாயின் வயிற்றில் இருந்தது

டால்ரானக் விஸ்கி வடிசாலையிலிருந்து நெட்டா டால்கார்னோவுக்கு இரண்டு வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டையும் எழுதியது ஒரே வழக்கறிஞர். அதே தடித்த தாள், தலைப்பில் அதே கலைமான் படம்.

முதல் கடிதம் சொன்னது: 1971-ல் வடிசாலையை நடத்திய நிறுவனம் வேறு, இன்று நடத்தும் நிறுவனம் வேறு. இடையில் மூன்று முறை கைமாறிவிட்டது. ஆகவே அன்றைய நிர்வாகம் தங்கள் தகப்பனாரை வேலையிலிருந்து நீக்கியதற்கு இன்றைய நிறுவனம் எவ்வகையிலும் பொறுப்பாகாது. அதை ரத்துசெய்யும் அதிகாரமும் அதற்கு இல்லை.

இரண்டாம் கடிதம் சொன்னது: வடிசாலையின் பழைய இரும்புப் பெட்டியில் கண்டெடுக்கப்பட்ட செம்புக் குழாய் தங்கள் தகப்பனாருடையது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதனுள் அடைபட்டிருக்கும் திரவம் அன்றைய நிறுவனத்திடமிருந்து திருடப்பட்டது. எனவே அது அந்நிறுவனத்தின் வழிவழி வாரிசான இன்றைய நிறுவனத்துக்கே சேரும்.

நெட்டா இரண்டு தாள்களையும் சமையலறை மேஜையில் அருகருகே வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். அறுபத்தெட்டு வயது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் கரண்டி பிடித்தவள். சாப்பிட்டுவிட்டு, சாப்பிடாதவன் போல மறுபடி வரிசையில் வந்து நிற்கும் பயல்களை முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே கண்டுபிடித்துவிடுவாள். இந்த வழக்கறிஞரையும் கண்டுபிடித்துவிட்டாள்.

"பழின்னா வேற கம்பெனி. சரக்குன்னா அதே கம்பெனி," என்று கெட்டிலிடம் சொன்னாள். வீட்டில் வேறு ஆள் இல்லை.

அந்தக் குழாய்க்கு ஊரில் நாய் என்று பெயர். முழங்கை நீளத்துக்குச் செம்புக் குழாய் ஒன்றை வெட்டி, ஒரு பக்கத்தில் பழைய செப்புக் காசை வைத்துப் பற்றவைத்து, மறுபக்கம் தக்கை அடித்தால் நாய் தயார். கிடங்கில் பீப்பாயின் அடைப்பைத் திறந்து, நாயைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினால் வயிறு முட்டக் குடித்துவிட்டு மேலே வரும். பிறகு கால்சட்டைக்குள் தொங்கவிட்டுக்கொண்டால் எஜமானோடு சத்தம் போடாமல் வீடு வரைக்கும் வரும். டால்ரானக்கில் வேலை பார்த்த எல்லாரிடமும் ஒன்று இருந்தது. அது தெரியாத மேலதிகாரி யாரும் இல்லை. தெரிந்ததாகக் காட்டிக்கொண்டவரும் இல்லை.

1971 மார்ச்சில் எடின்பரோவிலிருந்து கணக்கர்கள் வந்து பீப்பாய்களில் அளவுகோல் விட்டுப் பார்த்தார்கள். வழக்கமாக ஆவியாகிக் காற்றில் போவதைவிடக் கூடுதலாகப் போயிருந்தது. மேலாளர் மேஜர் பிரெப்னர் யாரையாவது காட்டியாக வேண்டிய நிலை. மாலை ஐந்து மணிக்கு அவரும் கலால் அதிகாரியும் வாசலில் நின்றார்கள். எட்டுப் பேர் வரிசையில் வந்தார்கள். முதலில் வந்தவன் நெட்டாவின் அப்பா ஆண்ட்ரா டால்கார்னோ. மேஜர் கைத்தடியால் அவன் தொடையில் தட்டினார். டங்கென்றது. நாய் வெளியே வந்தது. கலால் அதிகாரி தக்கைமேல் அரக்கை உருக்கி ஊற்றிக் கிரீட முத்திரை பதித்தார். ஒரு சீட்டில் பெயரும் தேதியும் எழுதிக் கட்டினார். "போதும்," என்று சொல்லிவிட்டு மேஜர் சாப்பிடப் போனார்.

ஆண்ட்ரா வாயே திறக்கவில்லை. மேஜர் பெரிய மனசு பண்ணி நீதிமன்றத்துக்குப் போகவில்லை. வேலை போயிற்று. வேலையோடு கொடுத்த வீட்டை மே மாதக் கடைசிக்குள் காலிசெய்யச் சொன்னார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போதுதான் ஆண்ட்ரா அந்த வார்த்தையைச் சொன்னான்.

"அதுல இருந்தது டீ."

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "என்னது?"

"டீ. காலையில பானையில மிஞ்சுறது. நான்தான் குடிக்கிறதில்லைன்னு உனக்குத் தெரியுமே."

தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் போதையில் சாராயம் காய்ச்சும் கொப்பரையின் ஏணியிலிருந்து விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டபோது, அம்மாதான் அவனைக் கோயிலுக்கு இழுத்துப்போய்ப் பாதிரியார் முன்னால் பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணவைத்தாள்.

"எவனாவது நாய்க்குள்ள டீ ஊத்திக்கிட்டுத் திரிவானா, ஆண்ட்ரா?"

"நாய் இல்லாம வாசலைத் தாண்டுனா, இவன்தான் மேஜருக்குக் காட்டிக்கொடுக்கிறவன்னு நினைப்பானுங்க. தட்டிப் பார்க்கிற பயலுக இருக்கானுங்க. காலியா இருந்தா சத்தத்துலயே தெரிஞ்சிடும்."

"அப்போ அதை மேஜர்கிட்ட சொல்றதுக்கென்ன? தொறந்து பாருய்யான்னு ஒரு வார்த்தை!"

அவன் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் மசித்துக்கொண்டே இருந்தான்.

அப்போது நெட்டாவுக்குப் பதினைந்து வயது. வீடு போகப் போகிறது, பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்ற ஆத்திரம். "அடுத்த தடவை கொஞ்சம் நம்புற மாதிரி சொல்லுங்கப்பா," என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். அதில் கோபமில்லை. எழுந்துபோய்ப் பூட்ஸுக்குப் பாலீஷ் போட உட்கார்ந்தார், நாளைக்கு வேலைக்குப் போகிறவர் மாதிரி. அதற்குப் பிறகு டீயைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை. சாலைபோடும் கூட்டத்தில் சேர்ந்து, டால்ரானக் லாரிகள் பறித்த குழிகளைப் பதினாறு வருஷம் தாரும் கல்லும் கொண்டு நிரப்பினார். அம்மா கோயிலில் முன் வரிசையில் உட்கார்ந்தாள். சத்தியத்தை உடைத்தவர் என்பதால் அவர் கடைசி பெஞ்சில். 1988-ல் செத்தபோதும் சவப்பெட்டியைக் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில்தான் இறக்கிவைத்தார்கள். பாதை குறுகலாக இருந்தது என்று காரணம் சொன்னார்கள்.

நெட்டாவுக்கு இப்போது வேண்டியது ஒன்றுதான். அந்தக் குழாயைத் திறக்க வேண்டும். உள்ளே விஸ்கி இருந்தால் அப்பா பொய் சொன்னவர், அவள் சொன்ன வார்த்தைக்கும் ஒரு நியாயம் உண்டு. டீ இருந்தால்... அதற்கு மேல் அவள் யோசிப்பதில்லை. யோசனை அங்கே வந்ததும் எழுந்துபோய் எதையாவது கழுவ ஆரம்பித்துவிடுவாள்.

டால்ரானக்கின் பாரம்பரிய இயக்குநர் ஜோலியன் ஹார்க்னெஸுக்கு வேண்டியதோ வேறு. அந்தக் குழாய் திறக்கப்படாமலே இருக்க வேண்டும்.

வடிசாலைக்கு இருநூறாவது ஆண்டு. ஹார்க்னெஸ் லண்டனில் மூன்று வருஷம் ஷாம்பூவுக்கு விளம்பரம் செய்தவர். இங்கே வந்ததும், ஊர் ஆண்கள் விழாவுக்கு உடுத்தும் கட்டம்போட்ட பாவாடையான கில்ட்டைக் கட்டிக்கொண்டார். பார்வையாளர் கூடத்தில் நிறுவனர் என்று மாட்டியிருக்கும் தாடிக்காரப் படம் அவர் ஏலத்தில் எடுத்தது. தாடியின் சொந்தக்காரர் யார் என்று ஏலக்கடைக்கும் தெரியாது. பார்லி முளைகட்டும் தளத்தை மூடி ஐம்பது வருஷமாகிறது, முளைத்த பார்லியான மால்ட் வெளியிலிருந்து லாரியில் வருகிறது. என்றாலும் படம் எடுத்துக்கொள்வதற்காக ஒரு மூலையில் பார்லிக் குவியலும் மரத் துடுப்பும் வைத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை தூசி தட்டுவார்கள். போன வருஷம் பழைய கொப்பரையை மாற்றியபோது, அதில் எழுபது வருஷமாக இருந்த ஒரு நசுங்கலைப் புதுக் கொப்பரையிலும் அதே இடத்தில் அதே ஆழத்தில் தட்டிவைக்கச் சொன்னார்கள். சுவை மாறிவிடக் கூடாதாம். அது வேலைக்காரர்களும் ஏற்றுக்கொண்ட விஷயம். எந்த நசுங்கலில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இடித்தவன் பெயரை மட்டும் யாரும் குறித்துவைக்கவில்லை.

இப்போது புதிதாக 'நாய்க்கூடம்' திறக்கப் போகிறார்கள். திருட்டு என்ற சொல் அதில் எங்கும் வராது. "எங்கள் மக்களின் குறும்பு" என்று பெரிய எழுத்தில் சுவரில் எழுதியாயிற்று. கடையில் புது நாய்கள் வந்திறங்கிவிட்டன, மெருகு போட்டு, தோல் உறையோடு. நடுவில் கண்ணாடிப் பேழையில் வைக்க உண்மையான நாய் ஒன்று, ஆண்ட்ராவுடையது, முத்திரை உடையாமல். குடும்பத்தின் சம்மதக் கையெழுத்துதான் பாக்கி.

நெட்டா பதில் எழுதினாள். ஐந்தே வரி.

'ஐயா, குழாய் என்னுடையது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உள்ளே இருப்பது உங்களுடையது என்கிறீர்கள். அடுத்தவர் பொருளோடு என் குழாயை வைத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. உங்களுடையதை எடுத்துக்கொண்டு என்னுடையதைக் கொடுங்கள். இரண்டு பேர் பார்க்க எடுத்தால் நல்லது.'

ஹார்க்னெஸ் ஒரு நாள் கோபமாக இருந்தார். மறுநாள் அவருக்கு யோசனை வந்துவிட்டது. இரண்டு பேர் என்ன, இருநூறு பேர் பார்க்கவே எடுக்கலாமே. ஐம்பத்து மூன்று வருஷம் செம்புக்குள் தூங்கிய டால்ரானக். அழைப்பிதழ் அடித்தார்.

விழா அன்று கூடம் நிரம்பியிருந்தது. பத்திரிகைக்காரர்கள், விஸ்கி சேகரிப்பவர்கள், ஊர்க்காரர்கள். நெட்டாவை முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் வாட்டி கிராசிக். எண்பத்து நாலு வயது. அன்றைய எட்டுப் பேரில் மிஞ்சியவன் அவன் ஒருவன்தான். கம்பெனி வாங்கிக்கொடுத்த புதுக் கோட்டு, அதில் குத்தியிருந்த அட்டையில் 'உயிருள்ள பாரம்பரியம்' என்று அச்சு.

வாட்டி அப்பாவின் கூட்டாளி. ஆனால் அப்பாவுக்கு வேலை போன நாளிலிருந்து அவர்கள் வீட்டுப் பக்கம் வந்ததில்லை. தெருவில் நெட்டாவைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். இன்று போக இடமில்லை.

"சௌக்கியமா, பொண்ணே?" என்றான், முழங்காலைப் பார்த்துக்கொண்டு.

"இருக்கேன். நெஞ்சுல என்ன குத்தியிருக்காங்க?"

"செத்தா கழட்டிக் குடுத்துடணுமாம்."

நெட்டா சிரிக்க வேண்டாம் என்று நினைத்தாள், முடியவில்லை. "நீங்களும் ஒரு நாய் வெச்சிருந்தீங்கதானே, வாட்டி?"

"ரெண்டு," என்றான். "ஆளுக்கு ரெண்டு கால் இருக்கே."

ஹார்க்னெஸ் மேடையேறி இருநூறு வருஷத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். "முறியாத தொடர்ச்சி" என்று நான்கு முறை சொன்னார். நெட்டா விரல் மடக்கி எண்ணினாள். கைப்பையில் முதல் கடிதம் இருந்தது.

பிறகு வெல்வெட் மெத்தைமேல் நாய் வந்தது. நெட்டா அதை அப்பாவின் இடுப்பில் பார்த்ததில்லை. இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறாள். இத்தனை சின்னதா? அடியில் பற்றவைத்த காசில் ராணி விக்டோரியாவின் முகம் பாதி தேய்ந்திருந்தது. சீட்டில் பழுப்பு மையில் 'ஆ. டால்கார்னோ'.

ஹார்க்னெஸ் வெள்ளிக் கத்தியால் அரக்கைக் கீறினார். கிரீடம் இரண்டாகப் பிளந்தது. தக்கை பாதி உதிர்ந்து, பாதி வந்தது. குழாயை மெல்லச் சாய்த்தார். துலிப் பூ போன்ற பெரிய கண்ணாடிக் கிண்ணம் முக்கால்வாசி நிரம்பியது. கறுப்பும் பச்சையுமாக, குட்டைத் தண்ணீர் மாதிரி.

"செம்பு சேர்ந்திருப்பதால் குடிக்கக் கூடாது," என்றார் ஹார்க்னெஸ், ஏதோ தவம் செய்பவர்போல. "ஆனால் முகரலாம்."

மூக்கைக் கிண்ணத்துக்குள் விட்டார். கண்ணை மூடினார். நெட்டா கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பழைய தோல்..." என்றார். பேனாக்கள் ஓடின. "மழை நின்ற காட்டில் அழுகும் இலை. புகையிலைப் பெட்டி. ஒரு பிரபுவின் நூலகம்." இன்னொருமுறை முகர்ந்தார். "கடைசியில், எங்கோ தொலைவில், கறுப்புத் தேயிலையின் ஒரு சாயல். அபாரம். திருடனுக்கும் ரசனை இருந்திருக்கிறது!"

கூடம் சிரித்தது, கை தட்டியது. நெட்டாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. விஸ்கிதான். இத்தனை பேர் முன்னால் ஒருவர் முகர்ந்து சொல்லிவிட்டார். அப்பா பொய்தான் சொன்னார். ஐம்பத்து மூன்று வருஷம் இதற்காகவா ராத்திரியெல்லாம் புரண்டாள்? எழுந்து போய்விடலாமென்று கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"ஒரு நிமிஷம், ஜோலியன்."

பக்கத்துக் கதவோரம் நின்றிருந்த ரோனா கெட்டிஸ் முன்னால் வந்தாள். இப்போது வடிசாலையை நடத்துபவள் அவள்தான்; விழாவென்று தனியாக உடுத்தாமல் வேலைச் சட்டையோடுதான் வந்திருந்தாள். "கணக்குல இல்லாத சாராயம் வெளிய வந்திருக்கு. ஒரு கரண்டியா இருந்தாலும் எத்தனை சதவீதம்னு பார்த்து எழுதணும். கலால் விதி."

"இப்பவா, ரோனா?"

"இப்பதானே தொறந்தீங்க."

கைக்கடக்கமான அளவுக்கருவி அவளிடம் இருந்தது. கிண்ணத்திலிருந்து சிறு ஊசிக்குழாயில் கொஞ்சம் உறிஞ்சி, வடிகட்டிக் கருவிக்குள் செலுத்தினாள். பார்த்தாள். கருவியைத் தண்ணீரால் கழுவி மறுபடி செலுத்தினாள். புருவம் சுருங்கியது.

"எவ்வளவு?" என்றார் ஹார்க்னெஸ். "அறுபதா? ஐம்பத்தைந்து?"

"பூஜ்யம்."

"ஆவியாகியிருக்கும்."

"அரக்கு அடைச்ச குழாயிலயா? சாராயம் மட்டும் தனியா நடந்து போயிடுச்சா?" ரோனா குழாயை வாங்கி, மேஜையில் விரித்திருந்த வெள்ளைத் துணிமேல் தலைகீழாகப் பிடித்துக் காசின்மேல் இரண்டு தட்டுத் தட்டினாள்.

கறுப்பாக ஒரு கட்டி விழுந்தது. துணியில் விழுந்ததும் உடைந்து விரிந்தது. இலைகள்.

அந்தக் கூடத்தில் விஸ்கியைப் பற்றித் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் டீப்பானையின் அடியைப் பார்க்காதவர் ஒருவரும் இல்லை. பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதியதை அடித்தார்.

நெட்டாவுக்கு அந்த வருஷத்துக் காலைப் பொழுதுகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது பானையில் இன்னொரு கோப்பை இருக்குமா என்று சாய்த்துப் பார்ப்பாள். ஒருநாளும் இருந்ததில்லை. அம்மா கொட்டிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வாள். தடயம் சாப்பாட்டு மேஜைமேலேயே இருந்திருக்கிறது, தினமும், கம்பளி உறை போட்டு மூடிய பானையில்.

"இது... இது இன்னும் சுவாரஸ்யம்!" ஹார்க்னெஸ் சுதாரித்துக்கொண்டார். வேலை தெரிந்த ஆள்தான். "டால்ரானக்கின் மர்மம்! விஸ்கியைத் தேநீராக்கிய செம்பு..."

"உட்காருய்யா," என்றது ஒரு குரல்.

வாட்டி எழுந்து நின்றிருந்தான். ஒரு கையால் நாற்காலி முதுகைப் பிடித்திருந்தான். அவன் பேசியது மேடையைப் பார்த்தல்ல, நெட்டாவைப் பார்த்து.

"அப்போ ஒரு நாளைக்கு மூணு தடவை கம்பெனியிலயே விஸ்கி ஊத்துவாங்க எங்களுக்கு. காலை, மத்தியானம், சாயங்காலம். ஆண்ட்ரா தன்னோடதை என் கோப்பையில ஊத்திடுவான். வயித்துப்புண்ணுன்னான். ரெண்டு வருஷம் ஊத்தினான். நானும் குடிச்சேன். வயிறு எப்படிடா இருக்குன்னு ஒரு நாள் கேட்டதில்லை. கேட்டா குடுக்கறதை நிறுத்திடுவானோன்னு."

யாரோ மெல்லச் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"சாயங்காலம் கடைசி ஊத்தலுக்கு நாங்க ஏழு பேரும் நிப்போம். அவனுக்கு என்ன இருக்கு, முதல் ஆளா கிளம்பிடுவான். அன்னைக்கும் அப்படித்தான் முன்னாடி போனான். மேஜர் நிக்கிறதை நாங்க பார்க்கிறதுக்குள்ள வாசலுக்கே வந்துட்டோம். திரும்பி ஓடவும் முடியாது. அவனுக்கு அடுத்தது நான். ரெண்டு காலுலயும் ரெண்டு. எனக்குப் பின்னாடி ஆறு பேர், எல்லாம் நிறைஞ்சது. மேஜர் தட்டினதும் ஆண்ட்ரா திரும்பி என்னைப் பார்த்தான். ஐயோ மாட்டிக்கிட்டோமேன்னு பார்க்கிறான்னு நினைச்சேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். பாவம், மாட்டிக்கிட்ட திருட்டுப்பய, நான் தப்பிச்சவன்னு. அந்த வெக்கத்துலதான் உங்க வீட்டுப் பக்கமே வரலை."

அவன் துணிமேல் கிடந்த இலைகளைக் காட்டினான்.

"தொறந்து பாருங்கன்னு சொல்லியிருந்தா, மேஜர் தொறந்திருப்பார். டீன்னு தெரிஞ்சா அவனை விட்டிருப்பார். அப்புறம் தடியை அடுத்த ஆள் மேல வெச்சிருப்பார். அவருக்கு வேண்டியது ஒரு ஆள். ஆண்ட்ரா வாயை மூடிட்டு நின்னான், அவ்வளவுதான். எனக்கு அப்போ குழந்தை பொறந்து பதினோரு நாள்."

அட்டையைக் கோட்டிலிருந்து பிய்த்தெடுத்தான். எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலிமேல் வைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

நெட்டா எழுந்தாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. மேடைக்குப் போய்க் குழாயை எடுத்துக்கொண்டாள்.

"மிஸ் டால்கார்னோ," ஹார்க்னெஸ் குனிந்து தணிந்த குரலில் சொன்னார், "இதைப் பேழையில் வைத்தாக வேண்டும். இப்போதுதான் இதற்கு மதிப்பே. உங்கள் அப்பாவின் பெயரைப் பெரிதாகப் போடுகிறோம். வேலைநீக்கம்... அது அந்தக் காலத்து நிர்வாகம், நாங்கள் வேறு..."

"தெரியும். எழுதியிருந்தீங்க." கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். "நாலு தடவை முறியாத தொடர்ச்சின்னு சொன்னீங்க. உங்க வக்கீல் இதுல முறிஞ்சிடுச்சுங்கிறார். நீங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி, எதுன்னு முடிவு பண்ணுங்க. முறியலைன்னா எங்கப்பாவை வேலையில இருந்து நீக்கினதை ரத்து பண்றோம்னு ஒரு கடுதாசி எழுதுங்க. அப்புறம் பேழையைப் பத்திப் பேசலாம்."

கிண்ணத்தின் பக்கம் கை நீட்டினாள். ஹார்க்னெஸ் தன்னையறியாமல் அதை இழுத்துப் பிடித்தார்.

"உள்ளே இருப்பது நிறுவனத்துடையது என்று..."

"திருடினதா இருந்தா உங்களோடது. இது எங்கம்மா கடையில வாங்கின டீ. எங்க வீட்டுப் பானையில போட்டது. அதை வாசல்ல பிடுங்கிப் பெட்டியில வெச்சிருந்தது நீங்க. அப்போ யாரு யார்கிட்ட திருடினதுங்க, ஐயா?"

ரோனா கெட்டிஸ் ஹார்க்னெஸின் கையிலிருந்து கிண்ணத்தை மெதுவாக வாங்கினாள். ஒரு புனலைத் தேடியெடுத்து, கறுப்புத் தண்ணீரைச் சொட்டு சிந்தாமல் குழாய்க்குள் ஊற்றினாள். துணியிலிருந்த இலைகளையும் விரலால் வழித்து உள்ளே போட்டாள். புதுத் தக்கை ஒன்றை அடித்துக் கொடுத்தாள். பதிவேட்டில் என்ன எழுதினாள் என்பதை நெட்டா பிறகுதான் கேள்விப்பட்டாள்: 'சாராயம்: இல்லை. 1971-லும் இல்லை.' கீழே கையெழுத்து, முத்திரை. டால்ரானக் அந்த விஷயத்தில் எழுதிக்கொடுத்தது இதுவரை அது ஒன்றுதான்.

பக்கத்து அறையில் தட்டுகளில் ஷார்ட்பிரெட் பிஸ்கட் காத்திருந்தது. கூட்டம் அங்கே போகலாமா கூடாதா என்று தயங்கிக்கொண்டு நின்றது. நெட்டா கோட்டைப் போட்டுக்கொண்டாள். குழாயில் கட்டியிருந்த பழைய கயிறு இன்னும் இருந்தது. அதைத் தோளில் மாட்டிக் கோட்டுக்குள் தொங்கவிட்டாள். வாட்டி எழுந்து நின்றான்.

"கை குடுங்க," என்றாள். "படி வழுக்கும்."

இருவரும் முற்றத்தைக் கடந்தார்கள். மதியச் சாரல் நின்று, கிடங்குச் சுவர்களின் கறுப்புப் பூஞ்சை ஈரத்தில் மின்னியது. அந்த வாசல் அதே வாசல்தான். கல்தூண்கள் இரண்டும் அப்படியே இருந்தன. இப்போது அங்கே ஒரு காவலாளி. சுற்றுலாக்காரர்கள் கடையிலிருந்து குட்டிப் புட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு போவதால், போகிறவர்களைச் சோதிக்க ஹார்க்னெஸ் வைத்த ஆள்.

தூணருகே வந்ததும் வாட்டியின் நடை நின்றது. தொப்பியைக் கழற்றினான். இரண்டாம் ஆளாக அவன் நின்ற கல் எது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, அதன்மேலேதான் நின்றான். நெட்டா ஒரு அடி முன்னால் நின்றாள்.

"மன்னிக்கணும்மா," என்றான் காவலாளி, அவள் கோட்டில் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து. "கோட்டுக்குள்ள என்ன?"

நெட்டா கோட்டைத் திறந்து காட்டினாள். காவலாளி குழாயை விரலால் தட்டினான். அடைபட்ட சத்தம் வந்தது.

"நாய்தானே? கடையில பார்த்தேன். உள்ள ஏதாவது இருக்கா?"

பின்னால் வாட்டியின் மூச்சு கேட்டது.

"டீ," என்றாள் நெட்டா.

"சரி, போங்கம்மா," என்றான் காவலாளி, அடுத்த ஆளைப் பார்த்துக் கையசைத்தபடி.